இடமிருந்து வலம்

தார்த்து நகரில், ஆற்றுப்பாலம் தாண்டியதும் என் கடை.
ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் யாரும்
பிடித்த பாட்டைக் கொண்டுவருவதில்லை.
தன்னை இன்னார் என்று காட்டும் பாட்டைக் கொண்டுவருகிறார்கள்.
பல் மருத்துவர் ஒருவர் செல்லோ இசையோடு வந்தார்,
இரண்டு நிமிடம் கண்மூடி இருந்துவிட்டு விலை கேட்டார்.
சட்டம் படிக்கும் பையன் போட்ட டிரம்ஸில்
அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.
இதுதான் வேண்டும் என்றான்,
கண்ணாடியைக் காட்டி.

என்னிடமும் ஒரு வட்டு உண்டு.
டபுள் பாஸ், தூரிகை தடவிய சிம்பல்,
மைக்குக்கு வெகு அருகில் மூச்சுவிடும் ஒரு பெண்.
அதை வைத்தால் தகர டப்பாகூட நன்றாகப் பாடும்.
அதனால்தான் வைத்திருக்கிறேன்.

உர்வே பிப்ரவரியில் வந்தாள்.
பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலிலேயே உதறினாள்.
பால் பண்ணை ஆய்வகத்தில் வேலையாம்,
கலப்படம் கண்டுபிடிக்கிற வேலை.
என் வட்டை நீட்டினேன்.
"நல்ல பாலை ஊற்றியா கருவியைச் சோதிப்பார்கள்?"
என்று கைப்பையைத் திறந்தாள்.

பழைய கேசட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பதிவு.
பள்ளிக்கூட அரங்கு, நாற்பது பேர் சேர்ந்து பாடுகிறார்கள்.
நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ இருமலை அடக்குகிறார்.
"மூன்றாவது சரணம் வரட்டும். பேசாதீர்கள்."

மலிவான ஜோடியில் ஒன்றும் தெரியவில்லை,
நாற்பது பேரும் ஒரே போர்வைக்குள் பாடினார்கள்.
அடுத்ததில் ஏதோ இடறியது,
செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி.
தூசி தட்ட மட்டுமே நான் தொடுகிற
அந்த மூன்றாவது ஜோடியில் போட்டபோது
எல்லோரும் மூச்சை இழுக்கிற இடைவெளியில்
ஒரு குரல் மட்டும் முந்திக்கொண்டு வந்து
அரைச் சொல்லோடு நின்று
கூசிப்போய் உள்ளே ஓடியது.

"நான்தான்" என்றாள்.
பத்தொன்பது வருடமாகிறது. மாவட்டப் போட்டி, பரிசு போயிற்று.
நடத்துநர் ஹெல்டுர் திட்டவில்லை,
அவள் பக்கம் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டார்.
அடுத்த வாரத்திலிருந்து அவள் போகவில்லை.
"வாய் திறந்தது ஞாபகம் இருக்கிறது.
சத்தம் வந்ததா, அது தெரியாது.
இன்னொரு தடவை போடுங்கள்."

போட்டேன்.
பேருந்தை நிறுத்துவதுபோல் கையை நீட்டினாள்.
"குரல் இங்கே இருக்கிறது. இடப்பக்கம்."
பிறகு மெதுவாக,
"நான் நின்றது அந்தக் கோடியில். ஜன்னலோரம்.
கேட்கிறவர்களுக்கு வலப்பக்கம்."

ஆறு முறை கேட்டாள்.
பன்னிரண்டு தவணை. பேரமே பேசவில்லை.

மறுநாள் பெட்டியில் வைக்க இழுத்தபோதுதான் பார்த்தேன்,
பின்னால் கம்பிகள் மாறிக் கிடந்தன.
இடது வலதில், வலது இடதில்.
நான் மாட்டியதுதான். டிசம்பரில், அவசரத்தில்.

சனிக்கிழமை, அன்னெலின் குடியிருப்பு,
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
அலமாரிக்குப் பின்னால் முட்டி போட்டிருக்கிறேன்,
கைக்கு ஒரு கம்பி.
சமையலறையில் அவள் கறுப்பு ரொட்டி நறுக்கிக்கொண்டே
அந்த மூன்றாவது சரணத்தை முனகுகிறாள்.
மூச்சு இழுக்கிற இடம் வந்ததும்
கத்தியும் நின்றது.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்து
பிறகு சரியாக உள்ளே வந்தாள்.

கடையில் கேட்ட ஒலி வீட்டிலும் கேட்க வேண்டும்,
அது வாடிக்கையாளரின் உரிமை.
அப்படிச் சொல்லிக்கொண்டு
கடையில் இருந்தபடியே செருகினேன்.

இனி அவள் வீட்டில்
எந்த இசைக்குழு வந்தாலும்
வயலின்காரர்கள் வலப்பக்கம்தான் உட்கார வேண்டும்.
தவணை மாதம் தவறாமல் வருகிறது.
கலப்படம் கண்டுபிடிக்கிறவள்.
இதுவரை புகார் இல்லை.