இரண்டாவது நிழல்

திங்கள் முதல் வெள்ளி வரை
பீல் நகரில் ட்ராலிபஸ் ஓட்டுகிறேன்.
தலைக்கு மேல் இரண்டு கம்பி.
கம்பி போகிற இடம்தான் வழி.
எதிரே வருபவனுக்கும் அவனுடைய கம்பி உண்டு.
பன்னிரண்டு வருஷத்தில்
ஒருவர் கோட்டில் ஒருவர் கால் வைத்ததில்லை.

சனிக்கிழமை, கப்பெலன் புல்வெளியில்
மணிக்கணக்கில் வாடகை தரும் ஒரு செஸ்னா.
இங்கே கம்பி இல்லை, கோபுரமும் இல்லை.
எல்லோரும் மனதில் வரைந்து வைத்திருக்கும்
ஒரு நீள்சதுரம் மட்டும் ஆகாயத்தில்.
காற்றோடு ஒரு பக்கம் போய்,
லீக்ஸ் வயல் முடிந்ததும் திரும்பி,
மறுபடி திரும்பிக்
காற்றுக்கு முகம் கொடுத்து இறங்குவது.
ஒவ்வொரு மூலையிலும்
நான் இங்கே என்று வானொலியில் சொல்லவேண்டும்.
பதில் வராது.
கேட்டிருப்பார்கள் என்று நம்பவேண்டும்.

அக்டோபர். பீட் அறுவடை.
ஆர்பெர்க் சர்க்கரை ஆலையின் வெண்புகை
தென்மேற்கே சாய்ந்து கிடந்தது.
ஒருவர் பிரெஞ்சில் "ஃபினால்" என்றார்.
நான் ஜெர்மனில் அதையே சொன்னேன்.
அவர் எனக்குப் பின்னால் என்று நான் நினைத்தேன்.
நான் அவருக்குப் பின்னால் என்று அவர்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
செஸ்னாவில் தெரியாதது உச்சந்தலை:
சிறகு மேலே குடைபோல் விரிந்திருக்கும்.
அவருடைய விமானத்துக்குச் சிறகு கீழே,
பாய் விரித்து உட்கார்ந்த மாதிரி.
என்னை அவரிடமிருந்து மறைத்தது அவர் சிறகு.
அவரை என்னிடமிருந்து என் சிறகு.
எச்சரிக்கைப் பெட்டி கீச்சிடவில்லை
(அவருடையது பழுது பார்க்கப் போயிருந்ததாம்).

நூறு மீட்டர் உயரம்.
வெயில் முதுகுப் பக்கம்.
அறுத்த வயலில் எனக்கு முன்னால் ஓடியது
என் நிழல்.
அதற்கும் முன்னால்
இன்னொன்று,
கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் அகலமாக,
என் வேகத்திலேயே.

இறங்க மனமில்லையா, ஏறு:
கைக்குப் பழகிய பாடம் அதுதான்.
கை ஏறப் பார்த்தது.
மேலே ஆள், மேலே ஆள் என்று
யார் கத்தியது, நானா?
முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தாமல்
வலப்பக்கம் வழுக்கினேன்.
ஒரு டிராக்டர்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.
அப்புறம்தான் தெரிந்தது
நீலக் கோடு போட்ட அடிவயிறு,
சக்கரத்தில் ஒட்டிய புல் உட்பட.

பெட்ரோல் பம்பில் இவான் குரோஜான்,
கூரை வேய்கிற தொழில், ஐம்பது இருக்கும்.
கோபப்படத்தான் போனேன்.
அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்த இடத்தையே.
"உங்களைப் பார்த்தேன்," என்றார்.
"திரும்புவதற்கு முன்னாடியே.
இதோ, இந்த இடத்தில் ஒரு புள்ளி.
அசையவே இல்லை.
ஈ என்று நினைத்தேன்."

தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்த வரி:
நகர்கிற புள்ளி விலகிப் போகும்,
நிற்கிற புள்ளி உன்னிடம் வருகிறது.
அவரும் அதே தேர்வு எழுதியவர்தான்.
ஈக்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கோப்பியை ஆறவிட்டுக் கதைத்தோம்,
பாதி பிரெஞ்சு, பாதி ஜெர்மன்.
அவர் கை நடுங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.
என் கையை மேசைக்கடியில் வைத்திருந்தேன்.

திங்கள். ரயிலடி வட்டச்சந்தி.
கம்பி நேரே போகச் சொல்கிறது.
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தூண்,
கையகலம்.
பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருப்பது.
முன்னால் குனிந்து பார்த்தேன், பின்னால் சாய்ந்து பார்த்தேன்.
முதல் இருக்கைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தூணிலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது.
பின்னால் இழுவண்டி, அதில் செம்மஞ்சள் கொடி.
ஓட்டியவன் நேரே பார்த்தபடி போய்விட்டான்.
வண்டிக்குள் இருந்த பிள்ளை மட்டும்
பிரேக் சத்தத்துக்குத் திரும்பி,
தெருமுனை வரை
என்னையே பார்த்துக்கொண்டு போனது.