நாலு மணித் தண்ணீர்

விடிகாலை நாலு மணிக்கு
இந்த ஊரின் தூக்கம் என் கைக்கு வருகிறது,
அரை லிட்டர் கண்ணாடிப் புட்டியில்.
மூடியில் தேதி எழுதுகிறேன்.
பேனா உறைந்திருந்தால் வாயருகே வைத்து ஊதுகிறேன்.

கம்பி வலையில் சிக்குபவை வேறு:
துணி, பஞ்சு, ஒருமுறை ஒரு பல்செட்.
யாரும் கேட்டு வரவில்லை.
மணல் அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும்,
மீதியைப் பாக்டீரியாக்கள் தின்னும்,
முப்பது வருடமாகச் சம்பளம் கேட்காத கூலியாட்கள்.
மாத்திரையை மட்டும் அவை சரியாகத் தொடுவதில்லை.
தட்டின் ஓரம் ஒதுக்கிய கறிவேப்பிலையாய்
அது கடைசி மதகு தாண்டி
ஆற்றுக்குப் போகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறது ஊர்:
காலையில் ஐந்து மில்லிகிராம், இரவில் பத்து,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்.

ஞாயிறு ஹாக்கி ஆட்டம் இருந்தால்
திங்கட்கிழமை வலிமாத்திரை ஏறும்.
பிப்ரவரியில், சூரியன் பொஹீமியாவை மறந்த வாரங்களில்,
வரைபடத்தில் இன்னொரு கோடு மேடேறும்.
பாதிரியாருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்,
பெயர்கள் மட்டும் தெரியாது.

ஒரு பெயர் தெரியும்.
விளாஸ்தா, என் மனைவி.
இரவு பத்தரைக்கு, நின்றபடியே, அரை மாத்திரை.
பென்சில் ஆலையை மூடியபின் அவள் கை நடுங்கியது.
இப்போது நடுங்குவதில்லை.
இப்போது சாலையைக் கடக்கும்போது
இரண்டு பக்கமும் பார்ப்பதுமில்லை.

மதகுக்குக் கீழே போரிவோய் வலை வீசுகிறான்,
மீன் ஆய்வகத்துக்காக.
"ஓட மாட்டேன் என்கின்றன" என்றான்.
நிழல் விழுந்தால் கோரைக்குள் பதுங்கவேண்டிய பெர்ச் குஞ்சுகள்
நடுநீரில் நின்று வலையைப் பார்க்கின்றன,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.
அவற்றைத் தின்னும் பெரிய மீன்
இந்த வருடம் நன்றாகக் கொழுத்திருக்கிறது.
வேறொரு ஆண்மீனைக் கீறினான்.
விந்துப்பையில் மணிமணியாய் முட்டை.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கத்தியைப் புல்லில் துடைத்தான்.

டிசம்பர் இருபத்திரண்டு.
எல்லா வீட்டையும் போல, பண்டிகை விருந்துக்கு
உயிரோடு ஒரு கெண்டை எங்கள் குளியல்தொட்டியில்.
இரண்டு நாள் யாருக்கும் குளியல் இல்லை.
வாயின் தொங்கலைப் பார்த்து யூஸ்தினா
அதற்கு மேயர் என்று பேர் வைத்தாள்.

அன்றிரவு விளாஸ்தா சொன்னாள்:
"கழிப்பறையில் கொட்டிவிட்டேன். நாற்பத்தோரு மாத்திரை.
பயமில்லாமல் இருந்து பார்த்தாயிற்று. போதும்."
டாக்டர் மெதுவாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்.
அவள் கை நடுங்கியது, பிடித்துக்கொண்டேன்.
பிடித்தபடியே கணக்குப் போட்டேன், வெட்கமாக இருந்தது:
வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு மணி நேரம்,
உள்ளே பதினெட்டு,
நாளை மாலை ஏழுக்கு மதகு.
ஆற்றில் கரைத்த புளி என்று
விட்டுவிட மற்றவர்களால் முடியும்.

விளக்கைப் போடாமல் குளியலறைக்குப் போனேன்.
தொட்டித் தண்ணீரும் அதே ஆறுதான்,
இன்னும் இரண்டுமுறை வடிகட்டியது.
கையை விட்டேன்.
மேயர் அசையவில்லை.
இன்னும் கொஞ்சம், செவுள் வரை.

அடித்ததே ஒரு அடி!
கண்ணாடி, காயப்போட்ட துணி, என் சட்டை, எல்லாம் தண்ணீர்.
தொட்டியின் மூலைக்குப் போய் ஒடுங்கி
வாயைத் திறந்து திறந்து மூடியது.

"என்ன சத்தம்?" என்றாள் படுக்கையிலிருந்து.
"பயப்படுகிறது" என்றேன்,
யாருக்கோ சுகப்பிரசவம் ஆன செய்தி சொல்வதுபோல.

பிறகு ஈரச் சட்டையோடு
மூன்றேகாலுக்கு அலாரம் வைத்தேன்.