கடைசிக் கால் மணித்தியாலம்

ஆறு மணிக்குக் கடைசிப் பாதை.
ஆறேகாலுக்குத்தான் கிளாஸ் முடியும்.
நடுவில் இருக்கிற கால் மணித்தியாலத்துக்கு
குருமண்வெளியில் ஒருவரும் பொறுப்பில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பின்வாங்கில் ஏழு பேர் எழும்புவார்கள்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
களவெடுத்தவர்களைப் போல.
படுவான்கரைப் பிள்ளைகள்.
பொழுது படுகிற கரைக்குப் போக
பொழுது படுமுன் ஓட வேண்டும்.
சேர் அப்போதுதான் பலகையைத் துடைத்து
"இனித்தான் பேப்பரில வாற கணக்கு" என்பார்.

எனக்கெப்படித் தெரியும் என்றால்
கிளாசுக்கு எதிரே என் கடை.
கடையென்றால் ஒரு போட்டோக்கொப்பி மெஷின்,
ரீலோட் போர்ட், தலையாட்டுகிற பழைய ஃபேன்.
நானும் இரண்டு தரம் ஏ.எல். எழுதினவள்.
இரண்டாம் தரம்
தசமத்துக்குப் பின்னால் மூன்றாம் இலக்கத்தில்
கெம்பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

சேரிடம் கேட்டேன்.
"நூற்றுநாற்பது பேர், தங்கச்சி.
ஏழு பேருக்காக மணியை மாத்தேலுமா?"
பாதைக்காரரிடம் கேட்டேன்.
"நேரம் மேலிடத்துக் கடிதத்தில இருக்கு புள்ள,
நான் ஓட்டுறவன் மட்டும்."
இரண்டும் நியாயம்.
இரண்டு நியாயத்துக்கும் நடுவில்
வாவி அசையாமல் கிடந்தது.

மறுகா, டிலுக்ஷியைப் பிடித்தேன்.
இந்தக் கரைப் பிள்ளை, முன்வாங்கு, அச்சுக் குத்தின எழுத்து.
"கடைசிப் பக்கத்தை மட்டும் தா கா, அஞ்சு நிமிசம்."
ஏழு பிரதி.
விடிய முதல் பாதையில்
மீன்கார சாமித்தம்பியின் பெட்டி மூடிக்குள்
பொலித்தீன் சுற்றிப் போகும்.
மண்டூர்த் துறையில் யதுர்ஷிகா எடுப்பாள்.
தும்பங்கேணி, வெல்லாவெளி என்று
பஸ்ஸில் பிரியும்.
"அக்கா, சமநிலை மாறிலி சூடை மீன் மணக்குது"
என்று ஒரு நாள்
துண்டில் எழுதி அனுப்பியிருந்தாள்.

மாரி பிறந்தது. தாளெல்லாம் ஈரம் குடித்தது.
மெஷின் உருளையில் எப்போதோ ஒரு கீறல் விழுந்து
ஒவ்வொரு பக்கத்திலும்
ஒரே இடத்தில் ஒரு சின்னக் கோடு.
நான் காணவில்லை.
ஏழு பேரும் அதைச் சயக் குறி என்று வாசித்து
ஏழு பேரும் ஒரே பிழையான விடையோடு
மாதிரிப் பரீட்சையில் போய் விழுந்தார்கள்.
"கொப்பியடிச்சிருக்கிறாங்கள்" என்றார் சேர்.

கொப்பிதான், சேர்.
அடித்தது நான்.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
வெறுந்தாள் ஒன்றை வைத்து அழுத்திக் காட்டினேன்.
வெறுமையிலும் அந்தக் கோடு வந்தது.
ஃபேன் இரண்டு தரம் தலையாட்டியது.
ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போனார்.

புது உருளைக்கு மூன்று மாத வருமானம் வேண்டும்.
ஆகவே சிவப்புப் பேனையோடு இரவில் இருந்தேன்.
எது சய, எது கீறல் என்று அறிய
கணக்கைச் செய்துதான் பார்க்க வேண்டும்.
ஐந்து வருடம் தொடாத கை
முதலில் மூல் என்று எழுதவே கூசியது.
பிறகு பசித்தவள் சோற்றில் கை வைத்தது போல.

இரண்டு கிழமை கழித்து
கடினக் கணக்கை நாலரைக்கே தொடங்கினார் சேர்.
ஏனென்று நூற்றுநாற்பதில் ஒருவரும் கேட்கவில்லை.
பின்வாங்கில் ஏழு பேரும் கேட்கவில்லை.
ஐந்தே முக்காலுக்கு
செருப்பைக் காலில் போட்டபடியே எழும்பினார்கள்.
நான் அனுப்புவதை நிறுத்தவில்லை.
சேரின் சுருக்கு வழி சில இடத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு வந்த இரவு
ஏழு சுட்டெண்ணும் என் மேசையில்.
சிக்னல் வாவிக்குள் விழுந்து விழுந்து எழும்பியது.
நாலு பேர் நல்லாய்ச் செய்திருந்தார்கள்.
இரண்டு பேர் மட்டுமட்டு.
நிதுஷனுக்கு இரசாயனவியலில் எஃப்.

பதினொன்றரைக்கு அவனுடைய மெசேஜ்:
"அக்கா, மீள்திருத்த ஃபோம் இருக்கா?"

இருக்கு என்று அடித்தேன்.
அழித்தேன்.
முதல் பாதையில வா,
அந்த அஞ்சாம் கேள்வியையும் கொண்டுவா,
எனக்கு விடை வேற வருது, என்று அனுப்பினேன்.