இடது பக்கம் கடல்

சனி இரவு. மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து
பழைய பற்றுச்சீட்டின் முதுகில் எழுதுகிறேன்:
கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி.
அதுவரைக்கும் கடல் இல்லை.
வாழை, வெங்காயம், சிவப்பு மண்,
ஞாயிறென்றும் பாராமல் தண்ணி இறைக்கும் மெசின்கள்.
அந்த இரைச்சலுக்கு மேலால் கேட்கிற பாட்டு வேணும்
என்கிறான் டிலக்சன்.
சரி.
இரண்டு பைலா.
ரொறன்ரோவில் இருந்து அவன்ர மச்சான் அனுப்பின ராப்,
அதில் பாதி விளங்காது, மீதி விளங்காமல் இருந்திருக்கலாம்.
பிறகு போன வருசத் தேர் அன்று
நானே போனில் பிடித்த தவில்,
ஜெனரேட்டரும் சேர்ந்து வாசிக்கிறது.

தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டினால்
இடது பக்கம் கடல்.
அதற்குப் பிறகு வெளிச்சவீடு மட்டும்
ஒரு பன்னிரண்டு கிலோமீற்றர்.
முப்பதில் போனால் இருபத்துநாலு நிமிசம்.
"நாற்பதில் போனால்?"
நாற்பதில் போகமாட்டாய்.
ஐந்து பாட்டு.
நீளம் பார்த்துத்தான் எடுக்கவேணும்:
வல்வெட்டித்துறை வளைவில் குரல் ஏறவேணும்,
வலை காயும் இடத்தில் வயலின் மட்டும்,
பொலிகண்டியில் ஆரும் மாடு குறுக்கே விட்டால்
அதற்கும் ஒரு அரை நிமிசம் கையிருப்பு.

அத்தானின் மாருதிக்கு
நாங்கள் போட்ட ஒழுங்கு பிடிக்காது.
பென் டிரைவைச் செருகினால்
தனக்குத் தோன்றினபடிதான் பாடும்.
ஒவ்வொரு பாட்டின் தலையிலும்
ஒன்று, இரண்டு என்று இலக்கம் குத்துகிறேன்,
பள்ளிக்கூடப் பிள்ளைகளை
வரிசையில் நிறுத்துவதுபோல.
போதாததற்கு இடது ஸ்பீக்கர்
போன மாரி வெள்ளத்தில் தண்ணி குடித்துச் செத்துப்போனது.
வலதில் மட்டும்தான் பாட்டு.
திங்கள் திருத்துவம் என்று
ஆறு திங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோசலை ரொட்டியைப் பிய்த்தபடி சிரிக்கிறாள்.
"உந்தக் கார் எனக்கென்றே செய்தது."
அவளுக்கு இடது காது கேட்காது.
எந்த வருசம் என்று நாங்கள் கேட்பதில்லை.
எங்களூரில் காதுகளுக்கும் வருசம் உண்டு.
"முன் சீற் எனக்கு. கடலைப் பார்ப்பன்,
பாட்டைக் கேட்பன்.
ஒன்றும் நட்டமில்லை."

அப்படியே முடிந்திருக்கும்.
திரும்பி வரும் வழிக்கென்று
இன்னும் ஐந்தைத் தேடிக்கொண்டிருந்தேன்,
மெல்லிசாய், நித்திரை தூங்காத மெல்லிசாய்.
ரொட்டி தின்ற கை
திரையின் மேல் வந்து நின்றது.

"வரேக்க பாட்டு வேண்டாம்."

ஏன் என்று டிலக்சன்.
அவள் மேசையில் இருந்த உப்புப் போத்தலைக் கடலாக வைத்தாள்.
பற்றுச்சீட்டைக் காராக மடித்து
போத்தலுக்குப் பக்கத்தால் ஓட்டிப்போனாள்,
விளிம்பில் திருப்பி, திரும்ப ஓட்டிவந்தாள்.
"இப்ப கடல் எந்தப் பக்கம்?"

வலது பக்கம்.

நாங்கள் இருவரும்
உப்புப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பாலத்தையும் வளைவையும் மாட்டையும் கணக்கெடுத்த எனக்கு
கடல் பக்கம் மாறும் என்பது
ஒரு வரியிலும் விழவில்லை.

"உன்ர பக்கக் கண்ணாடியை
முழுசா இறக்கிவிடு," என்றாள் டிலக்சனிடம்.
"கதையும் வேண்டாம்."
"நித்திரை வந்தால்?"
"பருத்தித்துறை வடை வாங்கித் தாறன். தின்."
"கடிக்கிற சத்தம் கேட்குமே."
"கேட்கும். மெல்லமாக் கடி."

'திரும்புதல்' என்று பெயரிட்டு
நான் திறந்து வைத்திருந்த போல்டருக்குள்
ஒன்றுமே இல்லை.
அழிக்கப் போய், அழிக்காமல் விட்டேன்.
காரில் செருகினால் அது என்ன செய்யுமோ,
முழுப் பன்னிரண்டு கிலோமீற்றரும்
தேடிக்கொண்டே வரட்டும்.

ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறோம்.
பெற்றோல் அடிக்கவேணும்.