ஐந்து மணி நேரத்தை மூன்று நாளாக்குவது

நெடுஞ்சாலையில் போனால் ஐந்து மணி நேரம்.
சொன்னது ஃபோன்.
கேட்காமலே ஒரு நீலக்கோடு போட்டது
ரோவனோக்கிலிருந்து மேரியெட்டாவரை,
துணிக்கடைக்காரன் கத்தரி ஓடுகிற மாதிரி
தயக்கமே இல்லாமல்.

அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மோட்டல் கட்டிலில் காகித வரைபடத்தை விரித்தேன்.
மடிப்பில் கிழிந்து
ஒரு மாவட்டமே காணோம்.

வெளியே, ஐஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில், என் வண்டி.
'என்' என்று சொல்ல ஆரம்பித்து
ஆறு மணி நேரம்தான் ஆகிறது.
வானம் மூட்டமாக இருந்ததால்
குளியலறைத் திரையைக் கழற்றிப் போர்த்தியிருக்கிறேன்.
அதன் வளையங்கள் பன்னிரண்டும் வாஷ்பேசினில்.

விற்றவர் பெயர் லைல் என்ட்ஸ்மிங்கர்.
பணத்தை இரண்டு முறை எண்ணினார்.
சாவி எங்கே என்று கேட்டதும்
சட்டைப்பை, கால்சட்டைப்பை, மறுபடி சட்டைப்பை என்று தேடினார்.
சாவி அவர் கையில் இருந்தது.
"மூன்றாவது கியர் கொஞ்சம் யோசிக்கும்,
அவசரப்படுத்தாதே" என்றார்
கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டு.

டாங்க் நிரப்பினால் நூற்றைம்பது மைலாம்.
நூற்றிருபது என்று நான் வைத்துக்கொண்டேன்,
மலையேற்றத்தில் தொண்ணூறு என்று பயந்துகொண்டேன்.
ஆக, அழகான சாலை எது என்பதெல்லாம் பிறகு.
முதலில் பெட்ரோல்.

மாநில எல்லை தாண்டி ஓடைக்கரையில் ஒரு கடை.
ஃபோன் செய்து கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை பம்ப் இருக்குமா?
"பம்ப் எங்கேயும் போகாது, கண்ணு.
டார்ல் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்."
எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?
அந்தம்மா திரும்பி யாரையோ விசாரித்தாள்.
அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள்.
வரைபடத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
டார்ல்?

மார்லின்டன் பக்கம் சிக்னல் வராது.
வானத்தின் பேச்சை ஒட்டுக்கேட்க
பள்ளத்தாக்கில் ஒரு பெருங்கிண்ணம் வைத்திருக்கிறார்கள்,
அதற்காகச் சுற்றுவட்டாரமே வாயைக் கட்டியிருக்கிறது.
எனவே வெள்ளை பிளாஸ்திரியில் எழுதி
டாங்கின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்:
219 வடக்கே.
பாலம் தாண்டி இடது.
தேவாலயம் வந்தால் தப்பு, திரும்பு.

கோரா கூப்பிட்டாள்.
"நாளை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய்தானே?"
செவ்வாய்க்கிழமை என்றேன்.
"எந்தச் செவ்வாய்?"
அக்காக்கள் அப்படித்தான்.
"அப்படி என்னதான் இருக்கிறது அந்த வழியில்?"

என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.
உயரக்கோடுகள் நெருங்கி நெருங்கி
யாருடைய கட்டைவிரல் ரேகையோ.
அதன் நடுவே, மெல்லிய சாம்பல் நிறத்தில்,
எந்த ஊருக்கும் சீக்கிரம் போய்ச் சேராத சாலை.

எக்ஸ்ரே அறையில் எனக்குப் பதினாறு வருடம்.
ஒரு நாளைக்கு நாற்பது பேர்,
நாற்பது பேருக்கும் ஒரே வசனம்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கள். அசையாதீர்கள்.
மார்பு, இடுப்பு, உடைந்த மணிக்கட்டு.
அசையாதீர்கள்.
சில சமயம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
நானும் பிடித்துக்கொண்டிருப்பேன்,
விடச் சொல்ல யாருமில்லை.

கோராவிடம் இதைச் சொல்லவில்லை.
"காட்சி நன்றாக இருக்குமாம்" என்றேன்.

ஒன்றரை மணிக்கு மழை.
ஜன்னல் வழியே பார்த்தால்
திரை பறந்துபோய் ஐஸ் எந்திரத்தின்மேல் தொங்குகிறது.
மீன் படம் போட்ட திரை. அந்த மீன்களுக்காவது சந்தோஷம்.

செருப்போடு ஓடினேன்.
துடைத்து என்ன பயன் என்று
நனைந்த சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
ஸ்டார்ட் செய்யவில்லை,
ஏழாம் நம்பர் அறையில் குழந்தை
இப்போதுதான் அழுது ஓய்ந்திருந்தது.
கிளட்சைப் பிடித்து,
வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி,
காலால் ஒன்று. இரண்டு.

மூன்றாவது
யோசித்தது.

யோசிக்கட்டும்.
செவ்வாய்வரை நேரமிருக்கிறது.