போ என்றால் ஆம்

ஒஹ்ரித் ஏரியின் அல்பேனியக் கரையில்
முப்பது படகும் ஒரு மணிக்கூண்டும் உள்ள ஊர்.
வேனைவிட்டு இறங்கி
அறை இருக்கிறதா என்று கைகளால் கேட்டேன்.
வசிலிகா தலையை இடவலமாக ஆட்டினாள்.
சரி, இல்லை என்று பையைத் தூக்கினேன்.
"போ, போ" என்றாள்.

இத்தனை தூரம் வந்து
தாய்மொழியில் விரட்டப்படுவேன் என்று
எதிர்பார்க்கவில்லை.

அவளோ என் பையைப் பிடுங்கிக்கொண்டு
மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

போ என்றால் ஆம்.
இடவலமாக ஆட்டினாலும் ஆம்.
மோவாயை ஒருமுறை மேலே வெட்டினால் இல்லை.
இது தெரியாமல் முதல் இரவு
போதும் போதும் என்று தலையாட்டி ஆட்டியே
வெங்காயத்தோடு சட்டியில் வெந்த கெண்டை
மூன்று தட்டு தின்றேன்.

என் தலைக்கு இரண்டிலும் சேராத ஆட்டம் ஒன்றுண்டு,
தோளுக்குத் தோள் சாய்வது.
பந்தெலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு முறை ஆட்டச் சொன்னார்.
பிறகு பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்.

அறைக் கதவில் 3 என்று பித்தளை எண்.
ஒன்று, அவர்கள் படுக்கும் அறை.
இரண்டு இன்னும் கட்டவில்லை.
உள்ளே அலமாரியில்
ஒரு காது உடைந்த கால்பந்துக் கோப்பை.
இங்கே படுத்தவன் என்னைவிட உயரம் என்று
மெத்தையின் பள்ளம் சொன்னது.

பகலில் ஏரி அசைவதில்லை.
அசைவதெல்லாம்
பந்தெலி வலையிலிருந்து உதறுகிற செதில்கள்தான்.
யாரோ எந்தச் சண்டைக்கோ பயந்து கட்டிய
கான்கிரீட் பதுங்கு குழி
கவிழ்த்த சட்டிபோலத் தோட்டத்தில் கிடக்கிறது.
அதற்குள் பூண்டு.
அக்கரை வேறு நாடு.
விளக்குப் போடும் நேரம் மட்டும் ஒன்று.

மூன்று நாள் என்று வந்தவன்
ஞாயிறு வரை இருந்துவிட்டேன்.

ஞாயிறு டூசல்டார்ஃபிலிருந்து வாங்கெல் பேசுவான்.
அங்கே குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்.
வசிலிகா போனை அத்தனை கிட்டத்தில் பிடிப்பாள்,
அவனுக்கு அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரியும்.
பேசி முடித்துப் போனை என்னிடம் நீட்டினாள்,
ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்
ஒரே குடும்பத்தில் இருப்பது வீணாகக் கூடாது என்பதுபோல.

விலை, கழிப்பறை, வைஃபை
எதையும் அவன் கேட்கவில்லை.
"ஜன்னல் இன்னும் சிக்குகிறதா?"
சிக்குகிறது என்றேன்.
"இடது கீழ்மூலையில் முட்டியால் ஒரு தட்டு."
தட்டினேன். திறந்தது.
போனை ஏரிப்பக்கம் திருப்பிக் கை கடுக்கப் பிடித்திருந்தேன்.
அந்தப் பக்கம் யாரோ துளை போடும் சத்தம்.
அது நின்றது.
ஒரு படகு குறுக்கே போய் முடிகிறவரை
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு திரை அணைந்தது.

காலையில் அறை கூட்ட வந்த வசிலிகா
திறந்த ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டாள்.
அவள் கையில் ரொட்டிக் கத்தி.
நான்கு வருடமாக அதை வைத்துத்தான் நெம்பியிருக்கிறாள்.
மூலையைக் காட்டினேன்.
முட்டியால் தட்டினாள். சாத்தினாள்.
தட்டினாள். சாத்தினாள்.
கீழே பால் பொங்கி வழியும் வாசனை வந்தும்
தட்டினாள்.

எங்களூரில் வாசலில் நின்று
சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு.
அதை விழுங்கிவிட்டு, வருகிறேன் என்போம்.
வேன் ஹாரன் அடிக்க அடிக்க
வசிலிகா என் சட்டைப் பையில்
நான்கு பூண்டைத் திணித்து ஏதோ கேட்டாள்.
மறுபடி வருவாயா என்றுதான் இருக்கவேண்டும்.
நாக்குக் கூசியது.
"போ" என்றேன்.

அப்போது என் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று
பந்தெலியைத்தான் கேட்கவேண்டும்.