பெயர் நீக்கம்

சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்து
மஞ்சக்குப்பம் தபாலாபீசுக்கு வந்து சேர்ந்தான் கராகல்லா.
சின்னத் தட்டை அளவு வெண்கலம்.
பிஸ்கட் டப்பாவில் ஏற்கெனவே பதினெட்டு சக்கரவர்த்திகள்,
அலெக்சாந்திரியாவில் அடித்த, மூக்கு தேய்ந்த நீரோ உட்பட.
இவன் தாடியும் சுருட்டை முடியுமாக
எதிரே யாரையோ முறைக்கிறான்.
எதிரே யாரும் இல்லை.

அங்கே தம்பி இருந்தான்.
கெட்டா என்று பெயர்.
தமிழில் எழுதினாலே அவன் கதை முடிந்துவிடுகிறது.
அம்மா மடியிலேயே வெட்டச் சொன்னான் அண்ணன்.
பிறகு ஊர் ஊராக ஆணை போனது:
கல்லில் சுரண்டு, காசில் சுரண்டு,
அப்படி ஒருவன் பிறக்கவில்லை.

ரோமில் யாரோ சொன்னதை
ஸ்த்ரதோனிகேயா என்ற, வாயில் நுழையாத ஊரில்
உளி எடுத்துச் செய்த அந்த ஆள்
எனக்கு உறவு.
ஒரே துறை.
கடலூர் வட்ட வழங்கல் அலுவலகத்தில்
இருபத்தாறு வருடம் பெயர் நீக்கினேன்.
கல்யாணமாகிப் போன பெண்கள்,
தனி அட்டை கேட்ட மகன்கள்,
செத்தவர்கள்.
சிவப்பு மையில் ஒரு கோடு, சுருக்கொப்பம், தேதி,
வட்ட முத்திரை.
அவனும் குத்தியிருக்கிறான் பாருங்கள்,
கழுத்துக்குக் கீழே குட்டியாய்:
முகம் போனாலும் காசு செல்லும்.

வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார்,
ஒரு முகம் இல்லாததற்கு
இரண்டு முகத்தைவிட விலை அதிகமா?
ஆமாம் என்றேன்.
அவர் கணக்கில் அது ஏறவில்லை.

சுனாமிக்கு அடுத்த தை.
சோனாங்குப்பத்திலிருந்து வந்தவருக்கு
மூன்று பெயரை அடிக்க வேண்டும்.
அட்டை உப்பில் ஊறிக் காய்ந்து
அப்பளமாய் நொறுங்கியது.
முதல் இரண்டையும் நான் அடிக்கும்வரை பேசவில்லை.
"சின்னவ பேரு கெடக்கட்டுமே மேடம்.
சர்க்கரை வாங்க மாட்டேன்."

விதியில் அதற்கு இடமில்லை.
அடித்தேன்.
பவழக்கொடி, வயது நான்கு.
பவழ வரைக்கும் வந்த கோடு
அங்கே நின்றது. பேனா
என் கையில்தான் இருந்தது.
கொடி அப்படியே இருந்தது.
தணிக்கைக்கு வந்தவர்கள் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்கள்.

நேற்று ராத்திரி கரண்ட் போன நேரம்
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.
கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.
உளி குறுக்கும் நெடுக்கும் போயிருக்கிறது.
ஓரத்தில் ஒரு காது,
முழுசாக.
அவசரமாக இருக்கலாம்.
வெளிச்சம் போயிருக்கலாம்.